அழுது முடிக்கும் முன்பே ஊழியமா?

அடக்க ஆராதனை முடிந்து, வாடகை நாற்காலிகள் வாசலில் கிடக்கும்போதே தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வாக்கியம் வந்து சேர்ந்துவிடுகிறது. ‘கர்த்தர் உங்களை ஒரு நோக்கத்தோடுதான் வைத்திருக்கிறார், தைரியமா இருங்க.’ சொல்பவர் சபை மூப்பராக இருக்கலாம், பெண்கள் ஐக்கியச் சங்கத்துத் தலைவியாக இருக்கலாம். அன்பினால்தான் சொல்கிறார்கள். கேட்பவரோ, முந்தாநாள் வரை இன்னொருவரின் மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் ஒட்டியே தன் நாளை நடத்தியவர். அந்த நாள் இடிந்து கிடக்கிறது. இனி எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கும் அவரே உடனே விடை தேட வேண்டியிருக்கிறது.

துணையை இழந்தவரிடம் வாழ்வின் நோக்கத்தைப் பற்றிப் பேசலாமா? பேசலாம் என்றால் யார், எப்போது, என்ன உரிமையில்?

பேசலாம் என்பவர்கள் முதலில் கிளாடிஸ் ஸ்டெயின்ஸைக் காட்டுவார்கள். காட்டத் தகுந்தவர்தான். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் ஒரு கும்பல் தீவைத்துக் கொன்றது. பிலிப்புக்கு வயது 10. திமோத்தி அவனுக்கும் இளையவன். கிளாடிஸுக்கு எஞ்சியது 13 வயது மகள் எஸ்தர். சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தாங்கள் குடியிருந்த பாரிபதாவிலேயே இருந்தார். கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்று, மன்னிப்பையும் தண்டனையையும் தனித்தனியே வைத்தார். கணவர் நடத்திவந்த தொழுநோய் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். கிரகாமின் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனையும் எழுந்தது. 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

இந்த வாழ்க்கையைப் பிரசங்க மேடையில் சொல்லும்போது ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கிளாடிஸ் பயிற்சி பெற்ற செவிலியர். புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுகிற உலகம் திருமணத்துக்கு முன்பே அவருக்குப் பழக்கம். அந்த இல்லத்து நோயாளிகளை முகம் முகமாக அறிந்தவர். துக்கத்துக்கு மருந்தாக யாரோ நீட்டிய வேலையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே பாதி தன் கையில் இருந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டார். 2004-இல் ஆஸ்திரேலியா திரும்பினார், அதுவும் அவருடைய முடிவுதான். பாரிபதாவில் தங்கியதைப் புகழ்ந்துவிட்டு, புறப்பட்டதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறவர்கள் அவரை முழுமையாக மதிக்கவில்லை.

இங்கே இரண்டு பேச்சுகளைப் பிரித்தாக வேண்டும். ‘இழப்புக்குப் பிறகும் நீ செய்ய வேண்டியது இருக்கிறது’ என்பது ஒன்று. ‘அதற்காகத்தான் இந்த இழப்பு நடந்தது’ என்பது இன்னொன்று. முதலாவது நம்பிக்கை. இரண்டாவது, இறந்தவரைக் கருவியாக்குகிற கணக்கு. மருத்துவமனை எழுவதற்காக இரண்டு சிறுவர்கள் தீயில் கருகினார்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்லக்கூடாது. அந்தக் கணக்கில் மருத்துவமனை எவ்வளவு பெரிதானாலும் அது பிலிப்புக்கும் திமோத்திக்கும் ஈடாகாது. கடவுளின் பெயரால் சொல்லப்படுவதால் அது இன்னும் கொடியதாகிறது, கேட்பவரால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

இந்தக் கணக்கை மறுத்தவர்களில் எலிசபெத் எலியட்டின் சாட்சியை எளிதில் ஒதுக்க முடியாது. 1956 ஜனவரி 8-இல் ஈக்வடார் காட்டில் வாவோரானி மக்களின் ஈட்டிகளுக்கு இரையான ஐந்து மிஷனரிகளில் அவருடைய கணவர் ஜிம்மும் ஒருவர். மகள் வாலரிக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. மூன்று ஆண்டுகள் நிறையும் முன்பே, 1958-இல், எலிசபெத் அந்தக் குழந்தையோடு அதே வாவோரானி மக்களிடையே போய்க் குடியேறினார். உலகமெங்கும் சபைகள் இதை வெற்றிக்கதையாகச் சொல்லின. அவரோ 1966-இல் ‘நோ கிரேவன் இமேஜ்’ என்ற நாவலை எழுதினார். அதில் வரும் மிஷனரிப் பெண், மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவருக்கு மருந்து கொடுக்கிறாள். அந்த மருந்தே அவர் உயிரைக் குடிக்கிறது. வேலை பாழாகிறது. நாவல் விளக்கம் எதுவும் தருவதில்லை. பல விசுவாசிகளுக்கு அந்த முடிவு கசந்தது. கடவுளை நம்புவதற்கு அவர் செயல்களின் பலனைக் காட்டியாக வேண்டிய அவசியமில்லை என்பது எலிசபெத்தின் நிலை. விதவையாகிக் காட்டுக்குள் போன ஒருவர் சொல்வதால் அதற்கு எடை கூடுதல்.

சி. எஸ். லூயிஸும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தவர். 1940-இல் துன்பத்துக்கு விளக்கம் சொல்லி ஒரு நூல் எழுதினார். 1960 ஜூலையில் மனைவி ஜாய் டேவிட்மன் புற்றுநோயில் இறந்தபின் அவர் எழுதியது விளக்க நூலாக இல்லை, புலம்பலாக இருந்தது. ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’ 1961-இல் புனைபெயரில்தான் வெளிவந்தது. அவ்வளவு புகழ்பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கடவுளோடு போடும் சண்டைக்குச் சொந்தப் பெயரை வைக்கவில்லை. வேதாகமத்திலோ நகோமிக்கு அந்த மறைவு தேவைப்படவில்லை. மோவாபில் கணவரையும் இரண்டு மகன்களையும் அடக்கம் செய்துவிட்டுப் பெத்லகேமுக்கு வந்தவர், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்ற பெயரில் தன்னைக் கூப்பிடச் சொன்னார். அந்த ஊர்ப் பெண்கள் அவரைத் திருத்தியதாகவோ தேற்றியதாகவோ அந்த இடத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்னும் கவனிக்க வேண்டியது, புதிய ஏற்பாடு நோக்கம் பற்றிய கேள்வியை யாரிடம் கேட்கிறது என்பது. எருசலேம் சபையில் கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது, அப்போஸ்தலர்கள் விதவைகளுக்குப் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. சாப்பாடு ஒழுங்காகப் போய்ச்சேர ஏழு பேரை நியமிக்கச் செய்தார்கள், ஸ்தேவான் அவர்களில் ஒருவர். யாக்கோபின் நிருபமும் விதவைகளை விசாரிப்பதைப் பக்தியின் இலக்கணமாகவே வைக்கிறது. நோக்கத்தைத் தேடவேண்டிய முதல் ஆள் சபை. விதவையின் முறை அதன் பிறகுதான்.

இன்றைக்கு அந்த விசாரிப்பு என்ன வடிவம் எடுக்கும்? வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது. தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போய், அடுத்த வாரம் வா என்று சொன்னால் அடுத்த வாரமும் கூடப் போவது. குடும்ப ஓய்வூதியத் தாள்களில் எங்கே கையெழுத்து என்று காட்டுவது. மனைவியை இழந்த ஆணுக்கு, உலை வைக்கத் தெரியாத வெட்கத்தைக் கிளறாமல் ஒரு மாதம் சாப்பாடு அனுப்புவது. இவற்றைச் செய்யாத சபை நோக்கத்தைப் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சு தன் கடமையைத் துக்கப்படுபவர் தோளில் இறக்கிவைப்பதாகவே முடியும்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் வேறொரு தவறு நுழைந்துவிடும். விதவை என்றால் உதவி பெறுகிறவர் மட்டுமே என்று வைத்துவிடுவதும் ஒரு வகையில் அவரை உயிரோடு ஓரத்தில் உட்கார்த்துவதுதான். பாளையங்கோட்டை கிளாரிந்தாவின் கதை இதற்கு மறுப்பு. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவையான அவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டனும் இறந்தார். இரண்டு முறை துணையை இழந்த அந்தப் பெண் மறுபடி கேட்டார். 1778-இல் சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் ஏறிய 40 பெயர்களில் முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785-இல் அதே சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தது. அ. மாதவையா 1915-இல் அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். யாரும் அவருக்கு நோக்கம் எடுத்துக் கொடுக்கவில்லை. முதலில் கதவைச் சாத்தியதே திருச்சபைதான். பிறகாவது அவர் கொண்டுவந்ததை ஏற்றுக்கொண்டது. விதவையின் நோக்கம் விஷயத்தில் சபைக்குரிய வேலை பெரும்பாலும் இவ்வளவே: அவரே கண்டடைந்ததோடு வரும்போது வழிவிடுவது.

அவர் கண்டடைவது ஊழியமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவதாக இருக்கலாம், மூடிக் கிடந்த தையல் எந்திரத்தைத் திறப்பதாக இருக்கலாம். மறுமணமாகவும் இருக்கலாம். எலிசபெத் எலியட் 1969-இல் மறுமணம் செய்தார், 1973-இல் மீண்டும் விதவையானார், 1977-இல் மூன்றாம் முறை மணந்தார். கணவன் இறந்தபின் மனைவி விடுதலையானவள், கர்த்தருக்குள் யாரையும் மணக்கலாம் என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் கருத்து. இளம் விதவைகள் மறுமணம் செய்வதையே அவர் பெயரிலுள்ள தீமோத்தேயு நிருபம் விரும்புகிறது. இருந்தும் நம் சபைகளில் மனைவியை இழந்தவருக்குப் பெண் பார்க்க ஆறு மாதத்தில் உறவு கிளம்புகிறது. கணவனை இழந்தவளுக்கோ ஜெபக்குழுவும் ஞாயிறு பள்ளியும் காட்டப்படுகின்றன. இந்த வேறுபாட்டுக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது, அது ஊர் வழக்கத்திலிருந்து வந்தது. விதவை ஒருவர் மறுமணத்தைத் தேர்ந்தால், மற்றக் கல்யாணங்களுக்கு வாசிப்பதுபோலவே அவருக்கும் ஞாயிறு ஆராதனையில் திருமண ஓலை வாசிக்க வேண்டும். எட்டு மணிக்குள் முடித்துவிடும் ரகசியக் கல்யாணமாக அதைச் சுருக்கும்படி எந்த ஆயரும் குடும்பத்தாரிடம் கேட்கக்கூடாது.