மூலிகையும் இல்லறத்தாரின் அகிம்சையும்



புதுவை நகரில் வாழும் நம் குடும்பங்களில், பெரிய அங்காடிப் பகுதியிலுள்ள நாட்டு மருந்துக் கடைக்குச் செல்லாதவர் அரியர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கடுக்காய், அதிமதுரம் எனப் பட்டியலிட்டு வாங்கி வருகிறோம். முற்றத்தில் துளசியும், மாடித் தொட்டியில் கற்பூரவல்லியும் வளர்க்கிறோம். இவற்றை அன்றாட நலத்திற்குப் பயன்படுத்தும் நமக்கு இரண்டு வினாக்கள் எழுதல் வேண்டும். செடிக்கும் உயிருண்டு என்று கூறும் அறத்தைச் சார்ந்த நாம், நம் நலத்திற்காக அதனைப் பறிப்பது முறையா? பறித்ததை மருந்தென்று பிறருக்குக் கொடுக்க நமக்கு எவ்வளவு உரிமை உண்டு? முதல் வினாவை நம்மவர் அடிக்கடி கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்பவர் மிகக் குறைவு.

மருந்தும் அறமும் நம் முன்னோர்க்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்தின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும், ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணச் சான்றோர். சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களைக் குறிக்கும். வேரைத் தோண்டினால் செடி மடியும். அதனை நன்கறிந்த சான்றோரே தம் அறநூலுக்கு ஐந்து வேர்களின் பெயரைச் சூட்டினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

இதற்கு விடை, இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்ட அகிம்சை நெறியிலேயே உள்ளது. தாவரம் ஓரறிவுயிர். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். சமைத்தல், பெருக்குதல், நோய்க்கு மருந்து தேடுதல் போன்ற வாழ்க்கைச் செயல்களில் நேரும் ஆரம்ப ஹிம்சையை அவரால் முற்றும் விலக்க இயலாது. இயன்றவரை குறைத்தல் அவர் கடமை. எனவே ‘பறிக்கலாமா’ என்று மட்டும் கேட்டு நிற்றல் போதாது. ‘எவ்வளவு, எப்பகுதி, எத்தேவைக்கு’ என்று கேட்டல் வேண்டும்.

மருத்துவ நூலிலும் இந்நெறியைக் கடைப்பிடித்தவர் உண்டு. இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உக்ராதித்யாசாரியார், கல்யாணகாரகம் என்னும் வைத்திய நூலை வடமொழியில் இயற்றினார். அக்கால வைத்தியத்தில் ஊனும் கள்ளும் தேனும் தாராளமாகப் புழங்கின. அவர் அம்மூன்றையும் நீக்கியே மருந்து வகுத்தார். 1940இல் சோலாப்பூரில் இந்நூல் அச்சேறியது. நோயைக் காரணம் காட்டி விரதத்தைத் தளர்த்த வேண்டியதில்லை என்பதை ஒரு வைத்தியரே செயலில் காட்டியது நமக்குப் பெரும் துணையாகும்.

இந்நெறியை நம் இல்லங்களில் கைக்கொள்வது எளிது. இலை போதுமிடத்து வேரைத் தொட வேண்டா. துளசியிலும் கற்பூரவல்லியிலும் நாலைந்து இலை கிள்ளினால் செடி மீண்டும் தழைக்கும். சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அவ்விலைகளை வடிகட்டிய நீரில் கொதிக்கவைத்துப் பருகினால் இதமாக இருக்கும். செரியாமைக்குச் சீரகமும் ஓமமும் வித்துகளாகவே கிடைக்கின்றன. பச்சை இஞ்சியை விலக்குவோரும் உலர்ந்த சுக்கைக் கொள்வது நம் வழக்கம். சுக்கும் கொத்துமல்லி விதையும் சேர்த்த கஷாயம் மழைக்காலத்திற்கு ஏற்றது. தேனில் குழைத்து உண்ணச் சொல்லும் சூரணத்தை வெந்நீர், நெய், பனங்கற்கண்டுப் பாகு இவற்றுள் பொருந்துவதில் கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்டறியலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என இன்றைய மருத்துவமும் எச்சரிக்கிறது. மருந்தைப் பொழுது சாயுமுன் முடித்துக்கொண்டால் இரவுண்ணா விரதத்திற்கும் இடையூறில்லை.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். இதனை நாம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. நம் பிழையிலிருந்து கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் இருந்த பெரியம்மாவுக்குக் காலில் சிறு புண் உண்டாயிற்று. அவர் நெடுநாளாகச் சர்க்கரை நோயுடையவர். மருத்துவமனைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கூறினர். நாமோ, சிறு வயது முதல் கண்ட வைத்தியமாயிற்றே என்று குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசினோம். “நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் தம்பி” என்று அவர் காலை நீட்டிக்கொண்டு அமர்ந்தார். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தமையின் அவருக்கு வலி தெரியவில்லை. வலி இல்லாததை நாம் குணம் என்று கொண்டோம். மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் சென்றபோது இரண்டு விரல்களை நீக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் வாழ்ந்த நாளெல்லாம் கோலூன்றி நடந்தார். ஒருநாளும் நம்மைக் குறை கூறவில்லை. அது நம் மனச்சுமையைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை.

இலையைப் பறிக்கும்போது எறும்பு இருக்கிறதா என்று பார்த்துப் பறித்தோம். ஐயறிவும் மனமும் பெற்ற ஓருயிருக்கு நம் அறியாமையால் நேரவிருந்த துன்பத்தைப் பார்க்கத் தவறினோம். விழிப்பின்மையாகிய பிரமாதமே ஹிம்சைக்கு வாயில் என்று ஆன்றோர் கூறியதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

மூலிகை பயனற்றது என்று இதனால் நாம் கூறவில்லை. கீழாநெல்லியின் வரலாறு இதற்குச் சான்று. மஞ்சள் காமாலைக்கு நம் நாட்டார் கொடுத்துவந்த அச்செடியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தனர். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தோரில் மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் அதன் அடையாளம் மறைந்தது என்றும், வெற்று மருந்துண்ட 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது என்றும் 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். உலகம் வியந்தது. ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பயன் காணப்படவில்லை. அண்மையில் 2021இல், சீந்தில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினர்; ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. மூலிகை அனைத்தும் அமிர்தம் என்பதும், அனைத்தும் மூடநம்பிக்கை என்பதும் ஒருபக்கக் காட்சியே. பொருளைப் பல பக்கமும் நோக்கும் அநேகாந்தம் கற்ற நமக்கு இவ்விரண்டும் பொருந்தா.

ஆகவே பிறருக்கு மூலிகை கூறுமுன் சிலவற்றை நாம் உறுதி செய்துகொள்ள வேண்டும். செடி இன்னதென்று ஐயமற அறிதல் முதலாவது. கீழாநெல்லியைப் போன்ற தோற்றமுடைய செடிகள் பல. 1826இல் பிரெஞ்சு ஆட்சியினர் தாவரவியல் பூங்கா அமைத்த நகரம் இது. 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களை உலர்த்திப் பெயரிட்டுத் தொகுத்து வைத்திருக்கும் நகரமும் இதுவே. இங்கு வாழும் நம் பிள்ளைகள் முற்றத்துச் செடியின் பெயரையேனும் பிழையின்றி அறிதல் வேண்டும். நோயாளி வேறென்ன மருந்து உண்கிறார் என்று கேட்டல் இரண்டாவது. அதிமதுரத்தை நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் உயரும். கருவுற்றோர், குழந்தைகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகிய நோயுடையோர் ஆகியோருக்குக் கைமருந்து கூறாமல் மருத்துவரிடம் அனுப்புதல் மூன்றாவது. இரண்டு மூன்று நாளில் குறையாத காய்ச்சலும், ஆறாத புண்ணும், மூச்சுத்திணறலும் கைமருந்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு என்பர். அவற்றுள் ஔஷத தானம் மருந்துப் பொருளைக் கொடுப்பதோடு முடிவதில்லை. ‘இது எனக்குத் தெரியும், இதற்கு மேல் தெரியாது, வாருங்கள், மருத்துவரிடம் போவோம்’ என்று கூறி உடன் செல்வதும் ஔஷத தானமே. அன்று பெரியம்மாவிடம் நாம் கூறியிருக்க வேண்டிய சொல் அது. இதனைப் படிக்கும் அன்பர்கள் தம் இல்லத்து முதியோரிடம் அச்சொல்லை உரிய காலத்தில் கூறுவார்களாயின், நம் பிழையை எழுதியதற்குப் பயன் உண்டு.