அவரும் அவனும்

தாமஸ் ஹாரிஸின் 'ஹானிபல்' நாவல் 1999 ஜூனில் வெளிவந்தபோது அதன் கடைசி அத்தியாயங்கள் வாசகர்களில் கணிசமானவர்களை ஆத்திரப்படுத்தின. 'ரெட் டிராகன்' (1981), 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1988) என்று வந்த வரிசையில் அது மூன்றாவது. பதினோரு வருடம் காத்திருந்து வாங்கிய புத்தகம். அதன் முடிவில் எஃப்.பி.ஐ. அதிகாரி கிளாரிஸ் ஸ்டார்லிங், தான் பிடித்திருக்க வேண்டிய நரமாமிசக் கொலைகாரரான டாக்டர் ஹானிபல் லெக்டரோடு சேர்ந்துவிடுகிறாள். ஒரே மேசையில் உட்கார்ந்து, இன்னும் உயிரோடிருக்கும் ஒருவனின் மூளையைச் சாப்பிடுகிறாள். பிறகு இருவரும் பியூனஸ் அயர்ஸில் காதலர்களாக வாழ்கிறார்கள்.

"அவளப் போய் இப்படிப் பண்ணிட்டானே அந்த மனுஷன்!" என்றார் நண்பர் ஒருவர். அந்த மனுஷன் என்று அவர் சொன்னது லெக்டரை அல்ல, ஹாரிஸை.

கோபம் எனக்குப் புரிகிறது. சிறு வயதில் அப்பாவை இழந்து, உறவினர் பண்ணையில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் அலறலைக் கேட்டு, அங்கிருந்து ஓடிப்போனவள் ஸ்டார்லிங். இரண்டாவது நாவலின் தலைப்பே அந்த அலறல் ஓய்வதைப் பற்றியதுதான். அப்படிப்பட்டவளை லெக்டர் மருந்து கொடுத்து, வசியத்தில் ஆழ்த்தி, நாள்கணக்கில் மனதைக் கலைத்துப்போட்ட பிறகுதான் அவள் அந்த மேசைக்கு வருகிறாள். அதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசகர்கள் இதற்காகக் கோபப்பட்டிருந்தால் மறுபேச்சே இல்லை. ஆனால் என் காதில் விழுந்தவை வேறு மாதிரி. "அவ நல்ல பொண்ணு சார், அவ போயிருக்கக் கூடாது." அவளைக் கொண்டுபோனவர் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. லெக்டர் என்ன செய்தார் என்பது 1999-ல் புதிதாகத் தெரியவந்த விஷயமா? இரண்டாவது நாவலில் மெம்ஃபிஸ் நகரில் அவரைக் கூண்டில் வைத்துக் காவல் காத்த இருவரை நினைத்துப் பாருங்கள். அவரை மரியாதைக் குறைவாக நடத்தாதவர்கள், தங்கள் வேலையைப் பார்த்தவர்கள். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்த அவர்களைக் கொன்று, ஒருவரின் முகத்தோலை உரித்துத் தன் முகத்தில் போட்டுக்கொண்டு தப்புகிறார். அந்த இருவரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? பெம்ப்ரி, பாயில். நானே புத்தகத்தைப் புரட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் லெக்டர் தப்பியபோது மனதுக்குள் ஏற்பட்ட 'அப்பாடா'வை யாரும் புத்தகம் புரட்டித் தேட வேண்டியதில்லை.

தமிழில் இந்தக் கதையைப் பேசும்போது ஒன்று நடக்கிறது. அதே நாவலில் ஜேம் கம்ப் என்று இன்னொரு கொலைகாரன் வருகிறான். பெண்களைக் கடத்திக் கொன்று தோலை உரிக்கிறவன். அவனை 'அவன்' என்கிறோம். லெக்டரை 'அவர்' என்கிறோம். இரண்டு பேருமே தோல் உரித்தவர்கள்! ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். அங்கே இது தெரியாமலே போய்விடும். நம் வாயில் விகுதி வந்து காட்டிக்கொடுக்கிறது. இந்தக் கட்டுரையில் லெக்டரை 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவது போல இருந்தது; விட்டுவிட்டேன்.

ஏன் அவர்? படித்தவர், டாக்டர், சங்கீதம் தெரிந்தவர், நல்ல வைன் எது என்று தெரிந்தவர். கம்ப் அழுக்கான நிலவறையில் தையல் மெஷினோடு கிடப்பவன். நாம் கொலையை எடைபோடவில்லை, குடித்தனத்தை எடைபோட்டிருக்கிறோம். கேட்டால் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: "அவர் மரியாதை தெரியாதவங்களத்தான சார் கொல்றார்?" இது ஹாரிஸே மூன்றாவது நாவலில் எடுத்துக்கொடுத்த சமாதானம். முதல் நாவலிலேயே அது பொய்த்துவிட்டது. தன்னைப் பிடித்த வில் கிரஹாமின் வீட்டு முகவரியை லெக்டர் ரகசியமாக இன்னொரு கொலைகாரனுக்கு அனுப்பி, குடும்பத்தையே முடிக்கச் சொல்கிறார். அந்த வீட்டில் ஒரு சிறுவனும் இருக்கிறான்.

மூன்றாவது நாவல் பெரிய நாவல் என்று நான் சொல்லவில்லை. லெக்டரின் தங்கையைப் போர்க்காலத்தில் பசித்த சிப்பாய்கள் தின்றதாக ஒரு முன்கதை சேர்த்தது அவரைச் சிறுக்க வைத்தது. மேசன் வெர்ஜர் என்கிற பணக்காரனை அத்தனை அருவருப்பாகச் செய்ததும் பக்கத்தில் நிற்கும் லெக்டரை வெளுப்பாகக் காட்டுகிற பழைய தந்திரம்தான். ஆனால் ஸ்டார்லிங் அந்த மேசையில் உட்காரும்போது, பதினோரு வருடமாக வாசகர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் உட்காருகிறாள். நமக்கு யாரும் ஊசி போடவில்லை. அவள் நமக்காகவும் சேர்த்து நல்லவளாக இருந்துகொண்டிருந்தாள். அவள் இருக்கிற தைரியத்தில் நாம் லெக்டரை ரசித்தோம். அவளும் எழுந்து வந்துவிட்டால் அந்தப் பக்கம் ஆளில்லை.

2001-ல் ரிட்லி ஸ்காட் படமாக எடுத்தபோது முடிவை மாற்றினார்கள். ஜோடி ஃபாஸ்டர் நடிக்க மறுத்திருந்தார், ஜூலியன் மூர் நடித்தார். படத்தில் ஸ்டார்லிங் லெக்டரின் கையோடு தன் கையைச் சேர்த்து விலங்கிடுகிறாள். போலீஸ் நெருங்குகிறது. லெக்டர் வெட்டுக்கத்தியை எடுக்கிறார். அவள் கையை விட்டுவிட்டுத் தன் கையை வெட்டிக்கொண்டு தப்புகிறார். ரசிகர்கள் மனம் ஆறியது. எனக்கு இந்த முடிவுதான் கூச்சமாக இருக்கிறது. நாவலில் அவர் ஒரு பெண்ணின் மனதைத் திருடியவர். படத்தில் அவளுக்காகக் கையையே கொடுத்த தியாகி. ஸ்டார்லிங் சுத்தமாக இருக்கிறாள், நாமும் 'அவர்' என்று தொடர்ந்து சொல்லலாம்.

நாவலில் பார்னி என்று ஒரு ஆள் உண்டு. மனநோய்க் காப்பகத்தில் லெக்டரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவன். அவரிடம் மரியாதையாகப் பேசியவன், அவரும் அவனிடம் அப்படியே. அந்தச் சமாதானத்தின்படி பார்த்தால் உலகிலேயே லெக்டரால் ஆபத்தில்லாத ஆள் அவன்தான். உலகத்தில் உள்ள வெர்மீர் ஓவியங்கள் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகத்தான் பியூனஸ் அயர்ஸ் வருகிறான். ஓர் இரவு அங்கே ஆப்ரா அரங்கில் லெக்டரையும் ஸ்டார்லிங்கையும் பார்த்துவிடுகிறான். போய் வணக்கம் சொல்லவில்லை. கூட வந்த பெண்ணை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே ஓடுகிறான், அந்த வெர்மீரைப் பார்க்காமலே.