மன்னிப்புக்குப் பிறகும் நிற்கும் கடன்

2004 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், மார்மன்களின் புகழ்பெற்ற டேபர்னாக்கிள் மண்டபத்தில் புராட்டஸ்டன்ட் பேச்சாளர்கள் மேடையேறினார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மௌ அவர்களில் ஒருவர். புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவினரான இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் மார்மன்களைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லி அவர்களுக்கு விரோதமாகப் பாவம் செய்திருக்கிறார்கள் என்று அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். அவர் சார்ந்த தரப்பிலேயே பலருக்கு அது கோபமூட்டியது. அன்றைய முதன்மைப் பேச்சாளர், சென்னையில் பிறந்து உலகெங்கும் அறியப்பட்ட பிரசங்கி ரவி சக்கரியாஸ்.

அத்தகைய பொய்ச்சாட்சிகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது ஒன்று உண்டு. மார்மன்கள் நற்கிரியைகளைக் கொடுத்துப் பரலோகத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறவர்கள் என்பதே அது. மார்மன்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டு இஷ்டப்படி வாழலாம் என்கிறவர்கள்தானே நீங்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். இரு தரப்பின் போதனைகளையும் பொறுமையாகப் படித்தால் இரண்டுமே அவதூறு என்று தெரியும். சபைகளின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தாலோ, இரண்டிலும் கொஞ்சம் உண்மை தென்படும். அதனால்தான் இதை இறையியல் அறிஞர்களின் சண்டையாக ஒதுக்கிவிட முடியாது. தவறு செய்தவனிடம் என்ன சொல்வது, அவனால் நொறுங்கியவரிடம் என்ன சொல்வது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

இவாஞ்சலிக்கல் நிலைப்பாட்டின் வேர் மார்ட்டின் லூத்தரிடம் இருக்கிறது. துறவியாக எர்ஃபுர்ட் மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி காணாதவர் அவர். எவ்வளவு செய்தாலும் போதும் என்ற இடம் வராது என்பதை உடம்பாலும் உள்ளத்தாலும் அறிந்த பிறகே பவுலின் நிருபங்களில் அவருக்கு விடுதலை கிடைத்தது. மனிதன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் மட்டுமே. நற்கிரியைகள் அதன் பின்னால் வருபவை, அதற்குக் காரணமானவை அல்ல. கிரியைகளை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 1522இல் தன் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் அவர் மட்டமாக எடைபோட்டதும் இந்த விடுதலையின் வேகத்தில்தான். இன்றுவரை இவாஞ்சலிக்கல் மேடைகளில் ஒலிப்பது அந்தக் குரலே. தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவுதான் கிருபை. தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கூலியாகிவிடும்.

மார்மன்கள், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர், கிருபையை மறுப்பதில்லை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் புஸ்தகம் கிறிஸ்துவின் பாவநிவாரணத்தைப் பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறது. ஆனால் அதில் நேபியின் இரண்டாம் புத்தகத்தில், மனிதன் தன்னால் இயன்றதையெல்லாம் செய்த பிறகு கிருபையால் இரட்சிக்கப்படுகிறான் என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது. 1842இல் ஸ்மித் தொகுத்த விசுவாசப் பிரமாணங்களும், பாவநிவாரணத்தினால் எல்லாரும் இரட்சிப்படையலாம், அதற்குச் சுவிசேஷத்தின் கட்டளைகளுக்கும் நியமங்களுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்கின்றன. ஞானஸ்நானம், ஆலய உடன்படிக்கைகள், தசமபாகம், மதுவும் புகையிலையும் காப்பியும் தேநீரும் தொடாத ஒழுக்கம், இளைஞர்களுக்கு 2 ஆண்டு ஊழியப் பயணம் என்று அந்தக் கீழ்ப்படிதலுக்குத் திட்டவட்டமான வடிவமும் உண்டு.

பெரும்பாலான ஒப்பீடுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தால் படம் தலைகீழாக மாறும். மார்மன் போதனையில் உயிர்த்தெழுதல் எல்லாருக்கும் இலவசம். எந்தக் கிரியையும் கேட்காமல், நம்பாதவருக்கும் சேர்த்துக் கிறிஸ்து கொடுப்பது. 1832 பிப்ரவரியில் ஒஹாயோவின் ஹைரம் ஊரில் ஸ்மித் கண்டதாகச் சொல்லப்படும் தரிசனம் மறுமையை மூன்று மகிமையின் ராஜ்யங்களாகப் பிரிக்கிறது. பொய்யரும் விபச்சாரரும்கூடத் தண்டனைக்காலம் கழிந்த பின் அவற்றில் கடைசி ராஜ்யத்துக்குள் வருகிறார்கள். நிரந்தர இருளுக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. கிரியைகளெல்லாம் வேண்டியிருப்பது மிக உயர்ந்த ராஜ்யத்துக்கு, அங்கே குடும்பத்தோடு தேவனைப் போலாகும் மேன்மைக்கு. சுவிசேஷத்தைக் கேட்காமலே இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கமும் 1840 முதல் அவர்களிடம் இருக்கிறது. (யூத இனப்படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களையும் அதில் சேர்த்தது ஆழமாகப் புண்படுத்தியது. 1995இல் அதை நிறுத்தச் சபை ஒப்புக்கொண்டது.)

ஆக, கிரியைகளின் மதம் என்று பழிக்கப்படுவதில் ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் ஏதோ ஒரு பரலோகம் இருக்கிறது. கிருபையின் மதம் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில், விசுவாசியாதவருக்கு முடிவில்லாத நரகம் என்பதே பெரும்பான்மைப் போதனை. இந்த முரணை இவாஞ்சலிக்கல் தரப்பு எளிதாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. தகுதி பாராமல் தரப்படும் கொடை, சரியான பெயரைச் சரியான காலத்தில் கேள்விப்பட்டவருக்கு மட்டுமே என்றால், தகுதி வேறு வேடத்தில் உள்ளே வந்துவிட்டது என்றுதான் பொருள்.

ஆனாலும் ஒரு போதனையின் அறத்தை அதன் மறுமை வரைபடத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. அதன் கீழே வாழ்கிறவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மார்மன் அறிஞர் ஸ்டீபன் ராபின்சன் 1992இல் வெளியிட்ட நூலில் தன் வீட்டில் நடந்ததையே எழுதினார். சபைப் பொறுப்பு, குழந்தைகள், படிப்பு என்று எல்லாவற்றையும் சுமந்து குறையில்லாமல் நடந்துவந்த அவருடைய மனைவி ஒருநாள் இனி முடியாது என்று உடைந்துபோனார். எத்தனை முயன்றாலும் கட்டளைகள் முழுவதையும் தன்னால் காக்க முடியவில்லை என்பதே அவர் துயரம். கிறிஸ்து இருக்கிறார் என்று நம்பிய அவர், கிறிஸ்து தன்னைக் காப்பாற்றுவார் என்று நம்பத் தெரியாமல் போயிருந்தார். சைக்கிள் வாங்க ஆசைப்பட்டு உண்டியலில் சில்லறை சேர்த்த தன் மகளின் கதையையும் ராபின்சன் அதே நூலில் சொல்கிறார். சிறுமியிடம் இருந்தது ஒரு டாலர்கூட இல்லை. சைக்கிளின் விலை நூறு டாலருக்கு மேல். இருப்பதைக் கொடு, மீதியை நான் போடுகிறேன் என்றார் தந்தை.

மார்மன்களிடையே அந்தக் கதை பரவிய வேகமே அங்கிருந்த தாகத்துக்குச் சாட்சி. 2015 ஏப்ரலில் சபையின் பொது மாநாட்டில் தலைமைக் குழுவைச் சேர்ந்த டீட்டர் உக்டோர்ஃப் இன்னும் ஒருபடி மேலே போனார். நம் முயற்சிகள் கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல, கீழ்ப்படிதல் நன்றியிலிருந்து பிறக்க வேண்டும் என்று நேபியின் அந்த வசனத்துக்கே விளக்கம் கொடுத்தார். லூத்தர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

ஆனால் போதனை இளகினாலும் அமைப்பு இளகவில்லை. ஆலயத்துக்குள் நுழைய ஒவ்வொருவரும் தகுதிச் சான்று பெற வேண்டும். உள்ளூர் பிஷப்பும் அவருக்கு மேலே பல உள்ளூர் சபைகளைக் கவனிக்கும் ஸ்டேக் தலைவரும் தனித்தனியே நேர்கண்டு, தசமபாகம் முழுமையாகக் கொடுக்கிறாயா, கற்பு நெறியைக் காக்கிறாயா, நேர்மையாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். அந்த பிஷப் சம்பளமில்லாத உள்ளூர் மனிதர், வேறு தொழில் பார்ப்பவர், பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர். என்றாலும் இன்னொரு மனிதனின் ஆத்துமத் தகுதிக்குக் கையெழுத்திடும் அதிகாரத்தை எந்த மனிதனிடமும் கொடுப்பது ஆபத்து. அடைத்த அறையில் பதின்வயதினரிடம் பாலொழுக்கக் கேள்விகள் கேட்கப்படுவதை எதிர்த்துக் குரல்கள் எழுந்த பிறகு, 2018இல்தான் விரும்பினால் இன்னொரு பெரியவரையும் உடன் வைத்துக்கொள்ளலாம் என்று சபை விதியை மாற்றியது. தன்னை நொந்துகொள்ளும் மென்மையான மனசாட்சிக்கு இந்த அமைப்பு கூடுதல் சுமை. கூசாமல் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கோ இது ஒரு தடையே இல்லை.

மறுபக்கம் எப்படி? விலையில்லாக் கிருபை மலிவாகிவிடும் என்ற அச்சம் புராட்டஸ்டன்டுகளுக்கே உண்டு. ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபர் 1937இல் இதைப் பற்றியே நூல் எழுதினார். 1988இல் அமெரிக்கப் போதகர் ஜான் மெக்கார்தர், கிறிஸ்துவை எஜமானாக ஏற்காத விசுவாசம் விசுவாசமே அல்ல என்று எழுதியபோது, மறு ஆண்டே ஸேன் ஹாட்ஜஸ் என்ற அறிஞர், அப்படிச் சொன்னால் கிரியைகள் பின்வாசல் வழியாக வந்துவிடும் என்று மறுத்து நூல் எழுதினார். அந்த விவாதம் முடிந்தபாடில்லை.

ஆனால் எந்த நூலையும்விடக் கடுமையான பாடம், டேபர்னாக்கிள் மேடையில் பேசிய அதே ரவி சக்கரியாஸின் வாழ்க்கையிலிருந்தே வந்தது. 2020 மே மாதம் அவர் மறைந்தார். அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. மசாஜ் சிகிச்சை அளித்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகளாகப் பாலியல் அத்துமீறல் செய்திருந்தார் என்று அது கண்டது. ஒரு பெண்ணின் சாட்சியம் நெஞ்சை அறுப்பது. இதை வெளியே சொல்லித் தன் பெயர் கெட்டால், இரட்சிப்பை இழக்கப்போகும் இலட்சக்கணக்கான ஆத்துமாக்களுக்கு நீதான் பொறுப்பு என்று அவர் எச்சரித்ததாக அந்தப் பெண் கூறியிருக்கிறார்.

கிருபைப் போதனைதான் இதைச் செய்தது என்பது நியாயமல்ல. இப்படிப்பட்டவர்கள் எல்லாச் சபைகளிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் கிருபையைத் தேவனுக்கும் பாவிக்கும் இடையிலான கணக்காக மட்டும் கற்பித்துவிட்டால், காயப்பட்டவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. பாவி அழுகிறான், தேவன் மன்னிக்கிறார், சபை ஆமென் சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பேசினால் அவளே கிருபையில்லாதவள் என்று ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் மார்மன் போதனைக்குத் தெளிவு அதிகம். மனந்திரும்புதலில் பாவத்தை விடுவதும் அறிக்கையிடுவதும் போலவே, இழப்பை ஈடுசெய்வதும் அவர்களுக்கு இன்றியமையாத பகுதி. அவர்களுடைய சபைகளும் அதன்படி எப்போதும் நடந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைப் போதனை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறது.

இரு தரப்பும் வாசிக்கும் லூக்காவின் சுவிசேஷத்தில், 19ஆம் அதிகாரத்தில் சகேயு வருகிறான். வரி வசூலித்துப் பணம் சேர்த்தவன். அவன் எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிடுகிறார். எந்தத் தகுதிச் சான்றும் கேட்கவில்லை. இது இவாஞ்சலிக்கல் தரப்பு சரியாகப் பிடித்துக்கொண்ட உண்மை. பிறகு சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொல்கிறான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு அதற்குப் பிறகே வருகிறது. தேவன் முன்னால் நிற்கும் உரிமைக்கு எந்தக் கிரியையும் விலையாக முடியாது. அண்டை வீட்டானிடம் எடுத்ததற்கு எந்தக் கிருபையும் ரசீதாக முடியாது. முதலாவதை மறக்கும் மதம் நல்லவர்களை நசுக்கும். இரண்டாவதை மறக்கும் மதம் கெட்டவர்களுக்குப் புகலிடமாகும். இரண்டில் கூடுதல் கேடு இரண்டாவதே. முதல் தவறில் நொறுங்குகிறவருக்கு ஒரு ராபின்சன் வந்து ஆறுதல் சொல்ல முடியும். இரண்டாவதில் நொறுங்குகிறவருக்கு ஆறுதல் சொல்லவேண்டிய வாய்களே அவரை மௌனமாக்கிவிடுகின்றன.

ஆகவே பாவ அறிக்கை கேட்கும் போதகரும் பிஷப்பும், தேவன் உன்னை மன்னித்துவிட்டார் என்று சொல்வதற்கு முன், உன்னால் பாதிக்கப்பட்டவர் யார், அவருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வேண்டும். குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதென்றால் காவல் நிலையத்துக்கு உடன் செல்லவும் வேண்டும்.