விருந்தினரா, வீட்டாரா?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர் நம் முன்னோர். மூன்று நாள் தங்குபவர்க்கு அது பொருந்தும். முப்பது ஆண்டுகள் தங்கி உழைத்தவரை என்னவென்று அழைப்பது? புகுந்த நாட்டுக்கு அவர் ஆற்ற வேண்டிய கடமை யாது? அந்நாடு அவருக்கு ஆற்ற வேண்டிய கடமை யாது? கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. ஆயினும் நம் வழக்கை நாமே பேசும்போது நடுவுநிலை தவறக்கூடும். ஆதலின் தொலைவிலுள்ள ஒரு சிறு நாட்டை நோக்குவோம்.

பெல்சியம், பிரான்சு, செருமனி ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையே அமைந்திருப்பது லக்சம்பர்க். அதன் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏழு இலட்சத்தை எட்டவில்லை. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டுக் குடிகள். போர்த்துகீசியரே அவர்களில் மிகுதி. கட்டடத் தொழிலுக்கு வந்தோரும் உளர். வங்கிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களுக்கும் வந்தோரும் உளர்.

அங்கே சட்டங்கள் பிரெஞ்சில் எழுதப்படுகின்றன. கடையிலும் பணியிடத்திலும் பிரெஞ்சு செல்லுபடியாகும். 1984-இல் தேசிய மொழியாக அறிவிக்கப்பட்ட லக்சம்பர்க் மொழியை அறியாமலேயே ஒருவர் அங்குத் தம் வாழ்நாளைக் கழித்துவிடலாம். அறவினா எழுவது இங்கேதான். வயிற்றுக்காகக் கற்கும் மொழி பிழைப்பு. வயிறு கேளாதபோதும் கற்கும் மொழியே மரியாதை. பெரிய மொழியைக் கற்பதில் ஊதியம் உண்டு. சிறிய மொழியைக் கற்பவரோ, "உங்கள் வாழ்வை நான் மதிக்கிறேன்" என்று சொல்லாமற் சொல்லுகிறார்.

அம்மொழியை அந்நாட்டார் போற்றுவதற்குக் காரணம் உண்டு. நாசிகள் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1941 அக்டோபரில், ஒரு கணக்கெடுப்பு நடத்த முற்பட்டனர். லக்சம்பர்க் மொழியைத் தாய்மொழியென எழுதலாகாது, அது செருமானியத்தின் கிளைமொழியே என்பது அவர்தம் கட்டளை. மக்களோ குடியுரிமை, தாய்மொழி, இனம் ஆகிய மூன்று வினாக்களுக்கும் லக்சம்பர்க் என்றே விடை எழுதத் துணிந்தனர். கணக்கெடுப்பே கைவிடப்பட்டது. உயிருக்கு அஞ்சாது காத்த மொழியை, வந்தவர் பொருட்படுத்தாதிருந்தால் நெஞ்சு புண்படாதா?

ஆயினும் கடமை ஒருவழிப் பாதையன்று. பத்தாண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டார்க்கு, சில வரையறைகளுடன், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளிக்கலாமா என்று 2015-இல் மக்களிடம் கேட்கப்பட்டது. 78 விழுக்காட்டினர் மறுத்தனர். வீட்டுக்காரர் தாமே சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சுவதை இகழ்தல் எளிது; உணர்தல் அரிது. எனினும் வரி செலுத்தும் கைக்கு வாக்குச் சீட்டு இல்லையெனில், அச்சம் நீதியாகிவிடாது.

அந்நாடு அதனோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கான வசிப்புக் காலத்தை ஏழாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைத்தது. பேச்சு மொழித் தேர்வையும் வைத்தது. இருபதாண்டுகள் வாழ்ந்தவர்க்குத் தேர்வு இல்லை. 24 மணி நேர மொழி வகுப்பு போதும். வேலை செய்வோர் அம்மொழியைக் கற்க 200 மணி நேரம் வரை விடுப்பளிக்கும் சட்டம் 2009-லேயே வந்தது. "கற்றுக்கொள்" என்று கட்டளையிடுவோர் பலர். கற்பதற்கு நேரமும் தருவோர் சிலரே.

ஆசிரியப் பணியில் ஈடுபட்டோர்க்கு மற்றொன்றும் புலப்படும். அந்நாட்டுப் பள்ளிகளில் குழந்தைகள் முதலில் எழுதப் படிக்கக் கற்றுவந்தது செருமானிய மொழியில். வீட்டில் போர்த்துகீசியமோ பிரெஞ்சோ பேசும் குழந்தைக்கு இது செங்குத்தான மலை. 2022 முதல் சில பள்ளிகளில் பிரெஞ்சு வழியாக எழுத்தறிவு புகட்டும் முயற்சி தொடங்கியது. பெற்றோர் தாமே விரும்பிப் புலம்பெயர்ந்தனர். குழந்தை எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. அதன் சுமையைக் குறைப்பது சலுகையன்று, கடன்.

முடிவாக யாம் துணிவது இதுவே: வந்தவர் தமக்குத் தேவைப்படாத மொழியையும் கற்க முன்வருதல் வேண்டும், வரவேற்றவர் தமக்கு அச்சம் தரும் கதவையும் திறக்க முன்வருதல் வேண்டும். ஒருவர் செய்யட்டும், பிறகு நாம் செய்வோம் என்று இருவரும் காத்திருந்தால், தலைமுறைகள் கடந்தாலும் விருந்தினர் வீட்டாராகார். முதலடியை யார் எடுத்து வைக்கிறாரோ, அவரே பண்புடையார்.