பரங்கிமலைப் பாறையும் நாம் விடும் மூச்சும்

பரங்கிமலையில் புனித தோமையார் திருத்தலத்திற்குப் படியேறுவோர் பாதி வழியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது வழக்கம். பாதையோரத்துக் கரும்பாறையை எவரும் பொருட்படுத்துவதில்லை. 1893-இல் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உள்ளதும் இவ்வகைக் கல்லே. பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் உடைத்து நம் வீடுகளுக்கு அடித்தளமாய் இட்டதும் இதுவே. இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

இப்பாறை நிலத்தின் ஆழத்தில் வெந்து இறுகிய காலத்தில், பிராணவாயு என நாம் போற்றும் ஆக்சிஜன் மேலே காற்றில் இல்லை என்றே சொல்லலாம். கடலில் நுண்ணுயிர்கள் இருந்தன. அவற்றுள் நீலப்பச்சைப் பாசி எனப் பள்ளியில் படித்தோமே, அவ்வினம் கதிரவன் ஒளியில் தன் உணவைச் சமைத்து, கழிவாக ஆக்சிஜனை வெளிவிட்டது. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு நெடுங்காலம் அக்கழிவை ஏற்றுத் துருவாய்ப் படிந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றிலும் சேரத் தொடங்கியது. அதுவரை வாழ்ந்த உயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சு. தப்பியவை காற்றுப் புகாத சேற்றில் ஒதுங்கின. அத்தகைய உயிர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பின் அடிச்சேற்றில் இன்றும் வாழ்கின்றன. (அங்கு வீசும் நாற்றத்திற்கு அவற்றை மட்டும் பழித்தல் தகாது, பல்லாண்டாய் நாம் கொட்டிய குப்பைக்கும் பங்குண்டு.) வேறு சில உயிர்களோ அந்நஞ்சைக் கொண்டே உணவை எரித்துப் பன்மடங்கு ஆற்றல் பெறப் பழகின. மீனும் பறவையும் மனிதனும் அவ்வழி வந்தவர்களே. படியில் நின்று நாம் இழுக்கும் மூச்சு அந்தப் பழைய நஞ்சுதான்.

இதில் விசுவாசத்திற்கு இடையூறு ஏதுமில்லை. பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இலேயே ஏற்றுக்கொண்டார். நம்மை வருத்துவது வேறொன்று. படைப்பு நல்லது எனத் தொடக்க நூல் கற்பிக்கிறது. அந்நன்மைக்குள் இத்தனை மடிவும் அடங்குமா? தீமையினின்றும் நன்மையை வருவிக்க வல்லவர் ஆதலால் இறைவன் தீமையை அனுமதிக்கிறார் என்னும் புனித அகுஸ்தினாரின் கருத்தைக் குருமடத்தில் பயின்றோம். பாறை அதற்குச் சான்றெனத் தோன்றவே, ஒரு மறையுரையில் அப்படியே சொல்லியும் விட்டோம். பின்னரே உறுத்தியது. அது பிழைத்தவர்கள் எழுதிய கணக்கு. மடிந்த உயிருக்கு, பின்னால் மனிதன் வருவான் என்பதில் என்ன ஆறுதல்?

நுண்ணுயிருக்கு வேதனை தெரியாது என்று இங்கே தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கிய நாள்களில், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் 'எல்லாம் நன்மைக்கே' என்றவர்களுள் நாமும் உண்டு. ஒரு தாய் நம்மை ஏறிட்டு நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. இறைவன் நன்மையை வருவிப்பார் என்பதை இன்றும் நம்புகிறோம். அவ்வம்மையாரிடம் அதை நாம் சொல்லியிருக்கலாகாது.

இப்பொழுதெல்லாம் துக்க வீட்டில் செபம் முடிந்ததும் பேசாமல் அமர்ந்திருக்கிறோம். காப்பி கொடுத்தால் குடிக்கிறோம்.