குற்றாலநாதருக்கும் ஒரு கஷாயம்

குற்றாலநாதருக்குத் தலைவலி உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். தென்காசிப் பக்கத்து ஆச்சிமாரைக் கேட்டால் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

அகத்தியர் பொதிகைக்கு வந்தபோது அருவிக்கரையில் இருந்தது திருமால் கோயில். நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்த முனிவரை உள்ளே விடவில்லை. அவர் வைணவக் கோலத்தில் மறுபடி வந்தார். நின்றிருந்த பெருமாளின் திருமுடியில் கை வைத்து அழுத்தினார். நெடிய திருவுருவம் குறுகிச் சிவலிங்கமாயிற்று என்கிறது தலபுராணம். முனிவரின் விரல் தடம் லிங்கத்தின்மேல் இன்றும் இருப்பதாகச் சொல்வார்கள். அப்படி அழுத்தியதால் வந்த தலைவலி தீரத்தான், மூலிகை இட்டுக் காய்ச்சிய தைலத்தை நாள்தோறும் இறைவனுக்குச் சாத்துகிறார்கள்.

அதோடு முடியவில்லை. பேரருவியின் ஓரத்தில் இரவும் பகலும் சாரலில் இருப்பவருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டால்? அதனால் அர்த்தஜாமப் பூஜையில் சுக்கும் மிளகும் சேர்த்த கஷாயம் நிவேதனமாகிறது. குடுனி நைவேத்தியம் என்று அதற்குப் பெயர்.

வைத்தீஸ்வரன்கோயிலில் சிவன் வைத்தியன். அங்கே நோயாளிகள் வரிசையில் நின்று அவனைப் பார்க்கிறார்கள். குற்றாலத்திலோ அவனே தலைவலியும் குளிரும் உள்ளவனாக அமர்ந்திருக்கிறான். அடியார்கள் தைலம் தேய்க்கிறார்கள், கஷாயம் கொடுக்கிறார்கள். இங்கே வைத்தியமே பூஜை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டுதான், நோய் புகுந்த ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

தென்காசி ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் அப்படியொரு வீட்டைத் தேட வேண்டியதில்லை. தாத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. ஆச்சிக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். மகன் சென்னையில், மகள் வளைகுடாவில். கோபுரம் தெரியும் தூரத்தில் வீடு. ஐம்பது வருஷமாகப் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போன கால்கள் இப்போது கட்டிலுக்கும் அடுக்களைக்கும் இடையிலேயே நடக்கின்றன. பார்க்க வருகிறவர்களிடம் ஆச்சி சொல்வது ஒன்றுதான்: "கோயில் வாசல மிதிச்சு மாசம் ஆறாச்சு. சாமி கோவிச்சுக்கிடுமோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது."

அந்தக் கவலைக்குத் தென்காசியின் பெயரிலேயே விடை இருக்கிறது. காசிக்குப் புறப்பட்ட தென்னாட்டு அடியார்கள் பலர் போய்ச் சேருமுன்பே வழியில் உயிர்விட்டார்கள். அது பொறாத இறைவன், பாண்டியன் கனவில் வந்து, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே போய்க் கோயில் கட்டச் சொன்னான் என்பது இந்த ஊரின் வரலாறு. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் சிற்றாற்றின் கரையில் திருப்பணியைத் தொடங்கினான். காசிவரை நடக்க முடியாதவர்களுக்காகக் காசியே தெற்கே வந்து உட்கார்ந்துகொண்ட ஊர் இது. நூற்றுக்கணக்கான காதத்தைக் கடந்து வந்தவன், ரத வீதியிலிருந்து ஒரு கட்டில்வரை வரமாட்டானா?

குற்றாலத்தில் இன்னொரு விடையும் உண்டு. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தினசபை, தில்லை பொற்சபை, மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிரசபை; குற்றாலத்தில் இருப்பது சித்திரசபை. பெரிய கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் அருகே தனியாக நிற்கிறது. உள்ளே செம்பில் வார்த்த திருமேனி ஆடவில்லை, சுவரில் தீட்டிய சித்திரம் ஆடுகிறது. மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை அந்தச் சித்திரத்துக்குத்தான். கட்டிலுக்கு எதிரே காலண்டர் படத்தை மாட்டி, படுத்தபடியே இடது கையைத் தூக்கிக் கும்பிடும் தாத்தாவின் வழிபாட்டை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். சுவரில் இருக்கும் படமே சந்நிதி என்பது குற்றாலத்தில் வழங்கும் பழைய வழக்கம்.

வயதான தம்பதியின் பக்திக்குச் சேக்கிழார் காட்டும் வீடு தில்லையில் இருக்கிறது. திருநீலகண்டர் ஒரு குயவர். இளமையில் அவர் செய்த பிழைக்காக மனைவி இறைவன் பெயரால் ஆணையிட்டார். அன்றுமுதல் இருவரும் ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் தீண்டாமல் வாழ்ந்து முதுமை அடைந்தார்கள். சிவயோகியாய் வந்த இறைவன், மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொன்னான். தொட முடியாத அந்த முதியவர்கள் ஒரு மூங்கில் தண்டின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினார்கள். எழும்போது இளமை திரும்பியிருந்தது.

நோய் வந்த வீட்டிலும் ஒரு மூங்கில் தண்டு நீள்கிறது. ஒரு முனையில் படுத்திருப்பவர், மறுமுனையில் பார்த்துக்கொள்பவர். படுத்திருப்பவருக்குத் தான் பாரமாகிவிட்டோமே என்ற வேதனை. பார்த்துக்கொள்பவருக்கு நேற்று எரிந்து விழுந்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு. ஐம்பது ஆண்டுத் தாம்பத்தியத்தின் பழைய கோபதாபங்களும் அந்தத் தண்டில் முடிச்சு முடிச்சாக இருக்கும். இருந்தாலும் பிடியை விடாமல் இறங்குவதைத்தான் அந்தக் குயவர் வீட்டுக் கதை கண்முன் நிறுத்துகிறது.

புராணத்தை விட்டு நம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் வந்தால், கஸ்தூரிபாவின் கடைசி நாட்கள் இருக்கின்றன.

1942 ஆகஸ்டில் கைதான காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் புனேயில் ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தார்கள். இருவரும் 1869-இல் பிறந்தவர்கள். மணமாகி 60 ஆண்டுகள் கடந்திருந்தன. நாள்பட்ட மூச்சுக்குழல் நோயும் இதயக் கோளாறும் கஸ்தூரிபாவை வாட்டின. அவர் துளசிக்கு நீர் வார்ப்பார், ராமநாமம் கேட்பார். பிரிந்து அலைந்த மூத்த மகன் ஹரிலாலைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குவார். ஆங்கில மருத்துவம் பலிக்காதபோது ஆயுர்வேத வைத்தியர் வேண்டும் என்று கேட்டார், அவரும் வரவழைக்கப்பட்டார்.

கடைசியில் இளைய மகன் தேவதாஸ் பெனிசிலினை வரவழைத்தார். அந்நாளில் அது புத்தம் புதிய, கிடைத்தற்கரிய மருந்து. விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. சில மணிக்கு ஒரு முறை ஊசி போட வேண்டும் என்று அறிந்ததும் காந்தியடிகள் வேண்டாம் என்றார். இறுதி நேரத்தில் அந்த உடம்பை இனியும் குத்தித் துன்புறுத்த அவருக்கு மனமில்லை. மகனுக்கோ தாயைக் காப்பாற்றிவிடத் துடிப்பு. 1944 பிப்ரவரி 22 அன்று மாலை கணவர் மடியில் தலை வைத்து கஸ்தூரிபா கண் மூடினார். அன்று மகாசிவராத்திரி. காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்த சேலையை உடுத்தி அவரை அனுப்பினார்கள்.

தேவதாஸ் ராஜாஜியின் மருமகன். ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தாளியாகக் குற்றாலத்தில் தங்கியவர் ராஜாஜி. ஆகாகான் மாளிகைச் செய்தி அந்த வகையில் இந்த மண்ணுக்கும் தூரத்துச் சொந்தம்தான். அன்று அந்த அறையில் நடந்த வாக்குவாதம் இன்று தென்காசி வீடுகளில் நடக்கிறது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவோம் என்கிறான் மகன். போதும், பாளையங்கோட்டைக்கும் செங்கோட்டை வழி மலை தாண்டியும் அலைந்தது போதும் என்கிறார் ஆச்சி. இருவர் வாயிலிருந்தும் வருவது அன்பு. கணவர், மகன், மருத்துவர் ஆகியோரின் கருத்தோடு, படுத்திருப்பவரின் விருப்பத்தையும் அவர் பேசக்கூடிய நாளிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் பிறகு பழி மிஞ்சாது. பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்வி அது. ஒரு நல்ல நாளில், சாமி விளக்கின் முன் உட்கார்ந்து கேட்கலாம்.

நோயைக் குணமாக்க முடியாத நிலையிலும் வலியைக் குறைக்க முடியும். அதற்கென்றே வலி தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா, இதற்காக இந்தியா முழுவதும் குரல் கொடுத்தது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தில் செய்த திருத்தத்தால், புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் கிடைப்பதில் இருந்த முட்டுக்கட்டைகள் குறைந்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை தருவதோடு இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் பக்தி என்று எண்ணி யாரும் பல்லைக் கடித்துக் கிடக்க வேண்டியதில்லை. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர், வலி தாங்க முடியவில்லை என்று திருவதிகையில் இறைவனிடமே வாய்விட்டுக் கதறினார். அவரை அங்கே அழைத்துச் சென்று திருநீறு கொடுத்தவர் தமக்கை திலகவதியார். தேவாரத்தில் அவருடைய முதல் பதிகம் அந்தக் கதறல்தான்.

பக்தியின் பெயரால் வீட்டில் நேரும் சில தவறுகளையும் பேசியாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு சஷ்டி விரதம் என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகம் பழுதானவருக்கு அபிஷேக இளநீரைப் பிரசாதம் என்று நிறையக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். கீமோ எடுப்பவருக்கு ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். தேர்க்கூட்டத்தில் நிறுத்தினால் தொற்று வரலாம். முகம் ஒரு பக்கம் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினால், நெற்றியில் திருநீறு பூசும் அதே நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்துகிறவர், குற்றாலநாதர் சந்நிதியில் தைலம் எதற்கு என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கட்டும். சாமிக்கே வைத்தியம் நிற்கவில்லை.

பார்த்துக்கொள்கிறவரின் உடம்பும் இந்தப் பூஜையில் ஒரு பாத்திரம். கணவருக்கு எட்டு மணி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் மாத்திரையை மறந்துவிடும் ஆச்சிமார் வீட்டுக்கு வீடு உண்டு. மகள் அனுப்பும் பணம் பெரிய உதவி. மாதத்தில் பத்து நாள் வந்திருந்து அம்மாவைத் தூங்கவிடும் மகன் செய்வது அதைவிடப் பெரிய திருப்பணி. கோயிலுக்குப் போய்வர ஒரு மணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்து கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தப் பிரதோஷப் பலனில் பங்கு உண்டு.

திருப்பணி என்றதும் தென்காசிக் கோபுரம் நினைவுக்கு வருகிறது. பராக்கிரம பாண்டியன் 1457-இல் தொடங்கிய கோபுரத்தைத் தன் வாழ்நாளில் முடிக்க முடியவில்லை. அவன் தம்பி காலத்தில்தான் நிறைவேறியது. 1924-இல் அது தீயில் எரிந்தது. ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990-இல். இடையில் 66 ஆண்டுகள் தென்காசி மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே கும்பிட்டது. உள்ளே விசுவநாதருக்கும் உலகம்மைக்கும் காலசந்தியும் அர்த்தஜாமமும் நடந்துகொண்டிருந்தன. இந்தக் கோயிலில் பழுது நேர்ந்தால் செப்பனிடுபவரின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் பாண்டியன் கல்வெட்டில் பாடி வைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை வணங்குகிறான். விழுந்துபோன ஒரு கையைக் காலையிலும் மாலையிலும் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கும் ஆச்சியும், அந்தப் பழுதுபார்ப்பவர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்.

மாணிக்கவாசகர் திருப்புலம்பலில் குற்றாலத்துக் கூத்தனிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறார். சுற்றமும் ஊரும் புகழும் தமக்குத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறார். இத்தனையும் துறந்தவர் கடைசியில் கேட்பது, கன்றை நினைத்து உருகும் தாய்ப்பசுவைப் போலத் தம் நெஞ்சும் இறைவனை நினைத்து உருக வேண்டும் என்பதே. உறவே வேண்டாம் என்றவருக்கும் பக்தியை அளந்து காட்ட ஓர் உறவுதான் தேவைப்பட்டது. அந்த உருக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் ஆச்சி இல்லை. நடு ராத்திரியில் கட்டில் லேசாக அசைந்தாலே அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

ஆனி, ஆடியில் சீசன் களைகட்டும். குற்றாலத்துச் சாரல் தென்காசித் தெருவரை வந்து ஜன்னல் கம்பிகளை நனைக்கும். அருவியில் நின்று குளித்த காலத்தைத் தாத்தா கண்ணாலேயே பேசுவார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து ஆச்சி அவர் முதுகைத் துடைத்துவிடுவார். சங்கு வடிவக் குற்றாலநாதர் கோயிலில் அர்த்தஜாமக் கஷாயம் நிவேதனமாகும் அந்த நேரத்தில், இங்கே சுக்குத் தண்ணீரைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுகிறார்.

நாலு வாய் விழுங்கியதும் தாத்தா வாயை மூடிக்கொள்கிறார். உதடு கோணியபடி ஏதோ கேட்கிறார். மற்றவர்களுக்கு விளங்காது, ஆச்சிக்கு விளங்குகிறது.

"போட்டுட்டேங்க. எட்டு மணிக்கே போட்டுட்டேன். நீங்க குடிங்க."