இரகசியம் காப்பதா, உயிர் காப்பதா?

திருநாவுக்கரசு நாயனாரின் சரிதத்தில் சூலைநோயையும், கல்லோடு கட்டிக் கடலில் இட்டதையும் அடியார்கள் நன்கறிவர். அதற்கு முன் திருவாமூரில் நிகழ்ந்ததைப் பேசுவோர் குறைவு. தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார் என்ற செய்தி வந்தது. இளம் பெண்ணாகிய அம்மையார் தம் உயிரையும் விடத் துணிந்தார்.

அவரைத் தடுத்தவர் தம்பி மருணீக்கியார். அவர் தத்துவம் போதிக்கவில்லை. குடும்பத்துக்கு அவமானம் என்று ஏசவுமில்லை. காலில் வீழ்ந்து அழுது, தமக்கையார் இருக்கிறார் என்பதனாலேயே தாம் வாழ்வதாகவும், அவர் போனால் தாம் முன்னே போவதாகவும் சொன்னார். தம்பிக்காக அம்மையார் உயிர் தாங்கினார். அன்று அந்தப் பாலகன் பேசாதிருந்திருந்தால் தேவாரம் பாட அப்பரும் இருந்திருக்கமாட்டார்.

இன்று நமது வீடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையொன்று சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேற்றாலோ, காதல் முறிவாலோ, வீட்டுச் சண்டையாலோ சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, "நான் இருந்தென்ன" என்று சொன்னால் என்ன நடக்கிறது? "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும், தங்கச்சிக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமா" என்று கதவு சாத்தப்படுகிறது. நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் தவறல்ல. ஆனால் காய்ச்சலுக்கு நேர்த்தி வைக்கும் அதே தாய் பிள்ளையை வைத்தியரிடமும் கொண்டுபோகிறாள் அல்லவா?

இதிலும் கடினமான கேள்வியொன்று உண்டு. பிள்ளை தன் சிநேகிதனிடம் மனதைத் திறந்து, "ஒருத்தருக்கும் சொல்லாதே, சத்தியம் பண்ணு" என்கிறது. சத்தியத்தை மீறுவது பாவமா? தீங்கு விளைவிக்காத சொல்லையே வள்ளுவர் வாய்மை என்றார். உயிர் போகும் அளவுக்குக் காக்கப்படும் மௌனத்தை அந்த வரைவிலக்கணத்துக்குள் அடக்க முடியாது. சொல்லும் பிள்ளையின் உள்ளத்தில் வாழ விரும்பும் ஒரு பகுதியும் இருக்கிறது. ஆகவே, "உன்னை இழக்க எனக்கு ஏலாது, அதனால் சொல்லத்தான் போகிறேன்" என்று அப்பிள்ளையிடமே கூறிவிட்டு, உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் சொல்வதே தர்மம். தேர்முட்டியடியில் நாலுபேரிடம் சொல்வது வேறு. அது பிள்ளைக்கு இரண்டாவது காயம்.

அந்த ஆபத்தான வேளை பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. 1995 ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகில் முன்னணியில் நின்றது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் அரைவாசிக்கும் கீழே இறங்கியது. மக்களின் துன்பம் குறைந்ததனால் அல்ல. நஞ்சு கைக்கெட்டாதபோது அந்த வேளையைப் பலர் கடந்துவிட்டனர். தோட்டம் செய்யும் வீடுகளில் மருந்தைப் பூட்டி வைப்பதும், கலங்கிய பிள்ளையைத் தனியே விடாதிருப்பதும் இதனாலேயே முக்கியமாகின்றன.

தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாதிருக்க வேண்டியதில்லை. மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்கள் உண்டு. 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பினர் பெயர் ஊர் கேளாமல் செவிமடுக்கின்றனர்.

பெற்றோரையும் மறக்கலாகாது. பிள்ளை வைத்தியசாலையிலிருந்து திரும்பிய வீட்டுக்குச் சிலர் போவதேயில்லை. சிலர் "ஏன், என்ன நடந்தது" என்று துருவவே போகின்றனர். இரவிரவாக நித்திரையின்றிக் காவலிருந்த தாய்க்கு வேண்டியது, தேத்தண்ணிப் போத்தலோடு வந்து, "நீ கொஞ்சம் படு பிள்ளை, நான் பக்கத்தில இருக்கிறன்" என்று சொல்லும் ஓர் அயலவள்.